ஊர் மாற்றம்

தலைமையாசிரியருக்குச் செங்கல் சூளையில் நாங்கள் வைத்த பெயர் நூறு. 'நூறு வர்றாரு', 'நூறு இன்னைக்குக் கடுகடுன்னு இருக்காரு' என்றுதான் பேசிக்கொள்வோம். பள்ளிக்கூடத்து முன்சுவரில் ஆளுயர எழுத்தில் இருந்தது: பத்தாம் வகுப்பில் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் நூறு சதவீதத் தேர்ச்சி. வருடா வருடம் பெயிண்டர் வந்து எட்டை ஒன்பதாக்குவது மாதிரி அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் போவார். அந்தச் சுவருக்குக் கல் சுமந்தவர்களில் நானும் ஒருத்தி. பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய மாதத்தில் சுமந்தேன்.

பள்ளிக்கூடத்தில் மொத்தம் எழுபத்தொரு பேர். வயல் வைத்திருப்பவர்கள், கடைக்காரர்கள், அரிசி ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர். சூளைப் பிள்ளைகள் இருபத்தொன்பது. அறுபதுக்குக் கீழே போனால் ஒன்பதும் பத்தும் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். தலைமையாசிரியர் என்கிற நாற்காலியும் அதோடு போய்விடும். அதனால் மேலிடத்து ஆய்வாளர் தலையெண்ண வருகிற நாளில் நாங்கள் அவருக்குத் தங்கம். முந்தின நாளே சூளைக்கு வந்து, "நாளைக்கு ஒருத்தரும் லீவு போடக்கூடாதும்மா, தலைக்கு எண்ணெய் வச்சு அனுப்புங்க" என்று சிரித்துப் பேசிவிட்டுப் போவார். அதிலிருந்து நாலு மாதம் கழித்து, பரீட்சைக்கு முந்தின மாதத்தில், பத்தாவதில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் மட்டும் அவருக்குக் குப்பையாகிவிடுவார்கள்.

என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்குப் பதினைந்து வயது. "உனக்கு வருகை நாள் பத்தலை. அடுத்த வருஷம் எழுதிக்கலாம்" என்றார். நான் அந்த வருடம் போகாத நாட்கள் ஒன்பதுதான். அம்மாவுக்குக் காலில் கல் விழுந்தபோது. கணக்கில் நான் முப்பதைத் தாண்டமாட்டேன் என்பது உண்மை. தமிழில் எழுபது வாங்குவேன் என்பதும் உண்மை. அடுத்த வருடம் போனேன். "வயசு தாண்டிடுச்சே" என்றார். அதோடு அச்சுப்பெட்டியைக் கையில் எடுத்தேன். நாலு வருடமாக ஒரு நாளைக்கு எண்ணூறு கல் அறுக்கிறேன்.

இந்த வருடம் டவுனில் துணிக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போனேன். எழுத்தர் எழுதிக் கொடுத்தார். வாசலுக்கு வந்து படித்தேன். 'பள்ளியை விட்டு நீங்கியதற்கான காரணம்' என்கிற இடத்தில் இரண்டே சொல்: ஊர் மாற்றம்.

திரும்பி உள்ளே போய், "இது தப்பு சார், நாங்க எங்கேயும் போகலையே" என்றேன்.

"ரெஜிஸ்டர்ல அப்படித்தாம்மா இருக்கு. நான் பாத்து எழுதறவன்" என்றார் எழுத்தர். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உனக்கு மட்டும் இல்ல. உங்க சூளைப் பக்கம் பூராவே ஊர் மாற்றம்தான்."

வருகை பத்தவில்லை என்று என்னிடம் சொன்னது ஒரு பொய். அதற்கும் அடியில் இன்னொரு பொய்யைப் போட்டு மூடியிருக்கிறார். பள்ளிக்கூட மணி அடித்தால் எங்கள் குடிசைக்குக் கேட்கும். அந்த மணிச் சத்தத்துக்குள்ளேயே இருந்துகொண்டு நான் ஊர் மாறிப் போயிருக்கிறேன். துணிக் கம்பெனிக்குப் போகவில்லை. சான்றிதழை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன்.

என் தங்கை சின்னவள் இந்த வருடம் பத்தாவது. வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஆபீசில் வைக்கிற வேலை அவளுக்கு. ஒரு சாயங்காலம் பையை எறிந்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"அக்கா, என் பேரு பக்கத்துல பென்சில்ல ஒரு புள்ளி வச்சிருக்காங்க."

"யாரு யாருக்கு?"

"ஏழு பேருக்கு. ஏழும் நம்ம ஆளுங்கதான். ஆலைக்காரர் பையன் என்னைவிட மக்கு, அவனுக்குப் புள்ளி இல்ல."

அம்மா உலையில் அரிசியைப் போட்டாள்.  பென்சில் புள்ளியை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். தலையெண்ணும் நாள் வரைக்கும் அது புள்ளி. அதற்கப்புறம் பேனாக் கோடு.

"நீ இந்த வருஷம் பரீட்சை எழுதற" என்றேன்.

"எப்படி?"

"எழுதற. அவ்வளவுதான்."

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் நான் அவளை நினைத்ததைவிட அவரைத்தான் அதிகம் நினைத்தேன்.

சூளையில் கல் கைமாற்றும்போது வரிசையாக இருபது பேர் நிற்போம். இரண்டிரண்டு கல்லாக எறிவது, பிடிப்பது, அடுத்தவருக்கு எறிவது. நடுவில் ஒருத்தர் சும்மா கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டால் போதும். எறிபவர் கையில் கல் சேர்ந்துபோய் அவர் காலில்தான் விழும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. நூறு எங்கள் பிள்ளைகளை எறிந்து விளையாடுகிறார். கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கல் ஏற்றும் இடத்தில் பெண்களிடம் சொன்னேன். ஆய்வாளர் வருகிற அன்றைக்கு ஒரு பிள்ளையையும் அனுப்பாதீர்கள் என்று.

"பள்ளிக்கூடத்தை மூடிட்டா?" என்றாள் நெட்டச்சி. எனக்கு ஒரு வருடம் முன்னால் படித்தவள். அவளும் ஊர் மாறியவள்தான். இப்போது இரண்டு பிள்ளை.

"மூடினா டவுனுக்கு நடக்கட்டும்."

"எட்டு மைலு. உன் புள்ளையா நடக்கப் போவுது? இருந்தாத்தானே நடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சான்றிதழை எடுத்துக் காட்டினேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். நெட்டச்சி தலையில் இருந்த சும்மாட்டுத் துணியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் இதேதான் எழுதியிருப்பானா?"

"எல்லாருக்கும்."

"எந்த ஊருக்காம்?"

"அது எழுதலை."

"நானும் வர்றேன்டி" என்றாள். "எந்த ஊருன்னு அவன் வாயாலேயே கேக்கணும்."

ஊர் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு வாய்க்கால் ஞாபகம் வந்தது. சூளைக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால்தான் எல்லை. அக்கரையில் இருக்கிற களிமண் குழி அடுத்த ஊர்க் கணக்கு. மண் வண்டி போக ஒரு பலகைப் பாலம் போட்டிருக்கிறது. இரண்டு வண்டிச் சக்கரம் அகலம்.

அந்த நாள் காலையில் இருபத்தொன்பது பிள்ளைகளையும் பலகை மேல் நடத்தி அக்கரையில் உட்காரவைத்தோம். பொடிசுகளுக்கு ஒரே கும்மாளம். "அக்கா, நாம இப்ப வெளியூரா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு காலை அக்கரையிலும் ஒரு காலைப் பலகையிலும் வைத்துக் குதித்தார்கள். சின்னவள் மட்டும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதரை மணிக்கு நூறு வந்தார். வெள்ளைச் சட்டை. ஈரச் சேற்றில் செருப்பு புதைந்து, ஒன்றைப் பிடுங்கினால் மற்றது மாட்டிக்கொண்டது. அச்சுத் தளத்தில் நான் குனிந்து கல் அறுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"புள்ளைங்கல்லாம் எங்கே? ஆய்வாளர் பதினோரு மணிக்கு வர்றாரு."

"வெளியூர் போயிருக்காங்க சார்."

அக்கரையைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் வந்து, சூளை மேஸ்திரி காதில் விழாதபடி பேசினார்.

"இதோ பாரு, உனக்கு என்ன கோபம்னு தெரியும். உன் தங்கச்சி பேரை நான் எடுக்கலை. அவ எழுதட்டும். சத்தியமா. இப்பவே எல்லாரையும் கூட்டிட்டு வா."

"மத்த ஆறு பேரு?"

"ஏம்மா, அவங்க எழுதினா என்ன ஆகும்னு உனக்கே தெரியாதா? எல்லாத்தையும் காப்பாத்த முடியாது. உன் வீட்டை நீ பாரு."

சின்னவள் எப்போது பலகையைத் தாண்டி வந்தாள் என்று தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. "அக்கா, சரின்னு சொல்லு."

திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "சொல்லுக்கா. அவரே சொல்றாருல்ல. எனக்கு அது போதும்."

சேற்றை அச்சில் அடித்தேன். மூலை நிரம்பவில்லை. சரி என்ற ஒரு சொல்லில் அவள் பரீட்சை உறுதியாகிவிடும். வேண்டாம் என்றால் பரீட்சை, பள்ளிக்கூடம் இரண்டும் போகலாம். அவளுக்கு எது நல்லது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்த வெள்ளைச் சட்டையைத்தான் பார்த்தேன்.

"நீ அக்கரைக்குப் போ" என்றேன் அவளிடம்.

"நீ எனக்காக இதைப் பண்ணலை" என்றாள். போய்விட்டாள்.

பதினொன்றே காலுக்கு ஆய்வாளரையும் கூட்டிக்கொண்டு நூறு திரும்பி வந்தார். எழுத்தர் பின்னால் கனமான பதிவேடுகளைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்தார். ஆய்வாளர் ஒல்லியான ஆள். வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை போட்டிருந்தார். நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ சொல்ல ஒன்றும் இல்லை. சீக்கிரம் முடித்துவிட்டு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

"அதோ பாருங்க சார், அங்கேதான் இருக்காங்க, இங்கேயிருந்தே எண்ணிக்கலாம்" என்றார் நூறு.

"அந்தப் பக்கம் வேற ஊராச்சே. நான் எப்படி எண்ணுறது?" என்றார் ஆய்வாளர். "இந்தப் புள்ளைங்க நிஜமாவே உங்க ஊர்தானா? சீசனுக்கு வந்துட்டுப் போறவங்கன்னா கணக்குல சேராது."

நூறு பதறிப்போனார். "சீசனா? என்ன சார் நீங்க! பதினஞ்சு வருஷமா இங்கேயே இருக்கற குடும்பங்க. ஒரு குடும்பம்கூட இந்த ஊரை விட்டுப் போனது கிடையாது. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

நான் அச்சுப்பெட்டியைக் கீழே வைத்தேன்.

"சார், அதை இன்னொரு வாட்டி சொல்லுங்க. அக்கரைக்கும் கேக்கட்டும்."

"என்னது?"

"ஒரு குடும்பம்கூட ஊரை விட்டுப் போகலைன்னு சொன்னீங்களே."

கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சான்றிதழை எடுத்து ஆய்வாளரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். என்னைப் பார்த்தார். "நீ எந்த ஊருக்கும்மா மாறின?"

"அந்தக் குடிசையில இருந்து இந்தத் தளத்துக்கு சார். இருபது தப்படி."

அவர் எழுத்தரிடம் கையை நீட்டினார். சேர்க்கைப் பதிவேட்டை உலர்ந்த கல் அடுக்கின் மேல் வைத்துத் திறந்தார். விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாக இறக்கினார். ஒன்பது வருடம். ஒரு கட்டத்தில் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இருபத்தாறு பேரு. எல்லாரும் ஊர் மாற்றம். எல்லாரும் பரீட்சைக்கு முந்தின மாசம். ஏன் சார், உங்க ஊர்ல அந்த ஒரு மாசம் மட்டும் வெள்ளம் வருமா?"

நூறு ஆய்வாளர் பக்கத்தில் நெருங்கினார். "சார், நாம ஆபீசுல உக்காந்து பேசலாம்."

"எனக்கு நேரமில்லை. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இவங்க இந்த ஊர்னா, இந்த இருபத்தாறும் பொய். இவங்க போய்ட்டாங்கன்னா, இன்னைக்கு உங்க கணக்கு நாப்பத்திரண்டு. எதை எழுதட்டும்?"

சூளைப் புகை எங்கள் பக்கம் திரும்பியது.  நூறு அக்கரையைப் பார்த்தார், தன் நாற்காலியை நினைத்திருப்பார். பதிவேட்டைப் பார்த்தார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"தப்பா எழுதியிருக்கு. நானே திருத்தித் தர்றேன்."

"ஒவ்வொரு பேரையும் படிச்சுத் திருத்தச் சொல்லுங்க சார்" என்றேன் ஆய்வாளரிடம். "யாரு யாருன்னு எங்களுக்கும் தெரியணும்ல."

ஆய்வாளர் தோளைக் குலுக்கினார். "படிங்க."

முதல் பெயரை முனகினார். "கேக்கலை" என்றாள் நெட்டச்சி. உரக்கப் படித்தார். சூளை மேட்டில் கரி கொட்டிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். ஒரு கணம் விழித்துவிட்டுக் கத்தினான்: "உள்ளேன் ஐயா!"

சிரிப்பு வெடித்தது. அடுத்த பெயருக்கு மண் வண்டிக்காரன். "உள்ளேன் ஐயா!" அடுத்து நெட்டச்சி. இடுப்பில் ஒரு பிள்ளையோடு, தலையில் எட்டுக் கல்லோடு, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரியே விறைப்பாக நின்று சொன்னாள். நூறு தலையைத் தூக்காமல் படித்தார், ஊர் மாற்றத்தை அடித்தார், பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். என் பெயர் வந்தது. நான் சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் காத்திருந்தேன். பார்த்தார். அப்புறம் சொன்னேன்.

பத்தொன்பதாவது பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடியும் படித்தார். கல் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பாமலே சொன்னாள்: "அவன் இல்ல சார். போன மழையில மண்ணு சரிஞ்சு, அந்தக் குழியில போய்ட்டான். நீங்க அடிச்சுடுங்க. அவன் ஊர் மாறலை."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மிச்ச ஏழு பெயரையும் அவர் படித்த குரல் வேறு மாதிரி இருந்தது. அதற்காக எனக்கு இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பலகை மேல் வந்தார்கள். ஆய்வாளர் எண்ணினார். இருபத்தொன்பது. எழுபத்தொன்று என்று எழுதினார். பதிவேட்டை எழுத்தரிடம் திருப்பித் தரவில்லை, தன் பையிலேயே வைத்துக்கொண்டார். "பத்தாவதுல இருக்கற பதினாறு பேரும் எழுதணும். ஒரு பேரு குறைஞ்சா நான் திரும்பி வருவேன்" என்றார்.

போகும்போது நூறு என் பக்கத்தில் நின்றார். "உன் தங்கச்சி ஃபெயில்தான் ஆவா. எழுதி வச்சுக்கோ."

"ஆகட்டும் சார். உங்க பேருக்குக் கீழேயே ஆகட்டும்."

பதினாறு பேர் எழுதினார்கள். பத்துப் பேர் தேறினார்கள். சூளைப் பிள்ளைகள் ஏழில் இரண்டு. போன ஆறில் ஒன்று ஆலைக்காரர் மகன். பெயிண்டரை இந்த வருடம் கூப்பிடவில்லை. யாரோ ஒரு பொடிசு கரித்துண்டால் நூறை அடித்துவிட்டு அறுபத்திரண்டரை என்று எழுதி வைத்தது. அதிலிருந்து சூளையில் அவர் பெயர் அரை. "அரை வர்றாரு" என்றால் வேலை நின்று சிரிப்பு ஓயக் கொஞ்ச நேரம் ஆகும். பதிவேட்டைப் பற்றிய விசாரணை முடியும் வரைக்கும் அவரை அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தார்கள். ஓய்வூதியம் வருமா வராதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

சின்னவள் கணக்கில் போனாள். இருபத்தெட்டு. மூன்று நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டாள். நாலாவது நாள், "மறுதேர்வுக்கு ஃபாரம் குடுக்கறாங்க. அஞ்சு பேருக்கும் தலைமையாசிரியர் கையெழுத்து வேணும்" என்றாள்.

"நான் வாங்கிட்டு வர்றேன்."

"அதுக்குத்தானே காத்திருந்த" என்றாள். ஆனாலும் ஃபாரங்களை என் கையில் கொடுத்தாள். வாசல் வரைக்கும் கூடவே வந்தாள்.

குளிக்காமல், சேற்றுப் பாவாடையோடுதான் போனேன். அவர் சொல்வதற்கு முன்னால் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஃபாரங்களைத் தள்ளினேன். ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். கை மெலிந்திருந்தது. ஐந்தாவதில் பேனா எழுதவில்லை, உதறி எழுதினார். மேசையில் மை தெறித்தது.

"போதுமா?" என்றார்.

"போதாது."

தலையை ஆட்டினார். இழுப்பறையைத் திறந்து எழுதாத ஒரு ஃபாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீயும் எழுதலாம். தனித்தேர்வரா. இப்ப வயசுக் கணக்கு கிடையாது. தமிழ்ல நீ எழுபது வாங்குவ, எனக்கு ஞாபகம் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

 நாலு வருடம் முன்னால் அந்தத் தாளுக்காக அவர் காலில்கூட விழுந்திருப்பேன். இப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை இருந்தது. நான் எழுதித் தேறிவிட்டால், அன்றைக்கு அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார். ஒரு பிள்ளைக்காவது திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று தன்னிடமே சொல்லிக்கொள்வார்.

ஐந்து ஃபாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஆறாவது மேசையிலேயே கிடந்தது.

வாசலில் சின்னவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அதை ஏன் விட்டுட்டு வந்த?"

"லாரி வந்திருக்கும். லோடு ஏத்தணும்."

"பைத்தியமா நீ? அந்தாளுக்கு வலிக்கணும்னு உன் கையை நீயே வெட்டிப்பியா?"

 அவள் ஐந்து ஃபாரத்தையும் என் கையிலிருந்து வாங்கினாள், எண்ணிப் பார்த்தாள், திரும்ப என்னிடமே திணித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஆறாவதை எடுக்க அவர் அறைக்குள் போனாள்.

சூளைப் பக்கம் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். இரண்டு தரம், மூன்று தரம். அவள் வெளியே வருவதற்குள் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஃபாரங்களைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.